ஒரே அடுப்பு, இரண்டு தட்டு: சோறு சாப்பிடும் வீட்டில் குறைமாவுச் சமையல்

வீட்டில் நான்கு பேர். மூவருக்குச் சோறு, இட்லி, சப்பாத்தி எல்லாம் வழக்கம்போல வேண்டும். ஒருவர் மட்டும் சர்க்கரைக்காகவோ எடைக்காகவோ மாவுச்சத்தைக் குறைக்கிறார். முதல் வாரம் அவருக்குத் தனியாகச் சமைப்பார்கள். இரண்டாவது வாரம் சமைப்பவருக்கு இடுப்பு ஒடிந்துவிடும். மூன்றாவது வாரம் ‘இன்னைக்கு ஒரு நாள் இதையே சாப்பிடுங்க’ என்று சாம்பார் சாதம் தட்டுக்கு வந்துவிடும். குறைமாவு உணவுமுறை பெரும்பாலான வீடுகளில் அடுப்படியில்தான் படுக்கிறது. வேலை இரட்டிப்பாவதுதான் காரணம்.

தனிச் சமையல் தேவையில்லை. நம் குழம்பு, கூட்டு வகைகளில் மாவுப்பொருள் பெரும்பாலும் கடைசிக் கட்டத்தில்தான் உள்ளே போகிறது. சாம்பாரில் வெந்த துவரம்பருப்பு, கூட்டில் பாசிப்பருப்பு, காரக்குழம்பில் அரிசிமாவுக் கரைசல், குருமாவில் உருளைக்கிழங்கு, பிரியாணியில் அரிசி. அது போகும் முன் ஒருவருக்கான பங்கை ஒரு சின்ன வாணலிக்கு மாற்றிவிட வேண்டும். இதைப் பிரிக்கும் இடம் என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு பண்டத்திலும் அந்த இடம் எது, பிரித்த பிறகு சுவையைச் சரிக்கட்டுவது எப்படி என்று தெரிந்துகொண்டால் தினமும் கூடுதலாகச் செலவாவது கால் மணி நேரம்தான்.

மருந்து எடுப்பவர்கள் முதலில் இதைப் படியுங்கள்

இன்சுலின் போடுபவர்களும் கிளிமிபிரைடு, கிளிக்லசைடு, கிளிபென்கிளமைடு வகை மாத்திரை எடுப்பவர்களும் மருத்துவரிடம் சொல்லாமல் சோற்றை நிறுத்தக் கூடாது. அந்த மருந்தின் அளவு நீங்கள் சாப்பிடும் சோற்றுக்கு ஏற்றபடி எழுதப்பட்டது. சோறு போய் மருந்து அப்படியே இருந்தால் சர்க்கரை தாழ்ந்துவிடும். 70-க்குக் கீழே போனாலோ, வியர்த்துக் கை நடுங்கினாலோ உடனே 15 கிராம் குளுக்கோஸ் அல்லது சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடித்து, 15 நிமிடம் கழித்து மறுபடி சோதிக்க வேண்டும். டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் எடுப்பவர்களுக்கு வேறு ஆபத்து. மாவுச்சத்தை அதிகமாகக் குறைத்தால், மீட்டரில் சர்க்கரை பெரிதாக ஏறாமலேயே இரத்தத்தில் அமிலம் கூடும் கீட்டோஅசிடோசிஸ் வரலாம். வாந்தி, வயிற்றுவலி, மூச்சு வாங்குதல் இருந்தால் மருத்துவமனைக்குப் போக வேண்டும். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் இந்தப் பதிவைப் பார்த்துத் தாமாகத் தொடங்க வேண்டாம். வளரும் பிள்ளைகளை இதில் இழுக்கவே வேண்டாம். அவர்கள் தட்டில் சோறு இருக்கட்டும்.

எவ்வளவு குறைப்பது

பொதுவாக நாளொன்றுக்கு 130 கிராம் மாவுச்சத்துக்குக் கீழே என்றால் குறைமாவு. கீட்டோ, கடுமையான பேலியோ என்பவை 20 முதல் 50 கிராமுக்குள். குடும்பத்தோடு ஒரே அடுப்பில் சமைக்கும் வீட்டுக்கு 100 கிராம் அளவுதான் நிலைத்து நிற்கிறது என்பது என் கணிப்பு. காலை 20, மதியம் 35, மாலை 10, இரவு 25, காபி டீயில் போகும் பாலுக்கு 10 என்று பிரித்துக்கொள்ளலாம். அவ்வளவுகூட முடியாதவர்கள் சோற்றைப் பாதியாக்கினாலும் பலன் உண்டு. 2022-இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் நாடளாவிய சர்க்கரைநோய் ஆய்வான ஐ.சி.எம்.ஆர்.–இன்டியாப் குழு வெளியிட்ட கணக்கு, சர்க்கரை புதிதாகக் கண்டுபிடிக்கப்பட்டவர்கள் அதிலிருந்து மீள, சாப்பாட்டின் சக்தியில் மாவுச்சத்தின் பங்கை 49 முதல் 54 சதவீதத்துக்கு இறக்கச் சொன்னது. நம் தட்டில் அது வழக்கமாக 60-ஐத் தாண்டுகிறது.

ஒரு கிச்சன் தராசு வாங்குங்கள். ஒரு கிராம் வரை காட்டினால் போதும். அரிசி வெந்தால் எடை கிட்டத்தட்ட மூன்று மடங்காகும்; வெந்த சோறு 100 கிராமில் சுமார் 28 கிராம் மாவுச்சத்து. தட்டில் சாதாரணமாக விழும் 300 கிராம் சோறு 84 கிராம், அதாவது நாள் கணக்கு கிட்டத்தட்ட முடிந்தது. 30 கிராம் மாவில் தட்டிய சப்பாத்தி ஒன்றில் சுமார் 20 கிராம். இட்லி ஒன்றில் அளவைப் பொறுத்து 8 முதல் 12.

சோற்றை விட்டுவிட்டு மூன்று சப்பாத்தியோ ஒரு கிண்ணம் கம்பங்கூழோ சாப்பிடுவதைக் குறைமாவு என்று நம்பும் வீடுகள் நிறைய. ராகி, கம்பு, சாமை, வரகு, குதிரைவாலி எல்லாவற்றிலும் காய்ந்த தானியம் 100 கிராமில் 60 முதல் 70 கிராம் மாவுச்சத்து இருக்கிறது; ஓட்ஸும் அதே வரிசைதான். நார்ச்சத்தும் தாதுக்களும் கூடுதல் என்பதால் அவை நல்ல தானியங்கள், ஐயமில்லை. அளவு என்னவோ தானியத்தின் அளவுதான். சோற்றை வடித்துக் கஞ்சியைக் கொட்டினால் சர்க்கரை போய்விடும் என்பதும் அப்படியே. கஞ்சியோடு போவது கொஞ்சம். பெரும்பகுதி பருக்கைக்குள்ளேயே இருக்கிறது.

எதை விட்டுவிடலாம் என்பதும் இதே அளவுக்கு முக்கியம். தாளிக்கும் உளுந்தும் கடலைப்பருப்பும் ஆளுக்கு ஒன்றிரண்டு கிராம் தாண்டாது. பெருங்காயத் தூளில் மாவு கலந்திருக்கும், ஆனால் நாம் போடுவது ஒரு சிட்டிகை. மோர்க்குழம்புக்கு ஊறவைத்து அரைக்கும் ஒரு மேசைக்கரண்டி துவரம்பருப்பையும் ஒரு தேக்கரண்டி அரிசியையும் நான்கு பேருக்கு வகுத்தால் ஆளுக்கு 3 கிராம். இதற்காக மோர்க்குழம்பைப் பிரிக்க வேண்டாம். அந்த அரிசியும் பருப்பும்தான் கொதிக்கும்போது மோர் திரியாமல் பிடித்து வைக்கின்றன; அவற்றை எடுத்துவிட்டால் குழம்பு வெட்டுப்பட்டு நீர் தனி, கட்டி தனியாக நிற்கும். நான்கு பேர் குழம்பைப் பாழாக்கி 3 கிராம் மிச்சம் பிடிப்பதில் அர்த்தமில்லை.

சாம்பார்: பிரித்தால் ஏன் புளிக்கிறது

நால்வருக்கு 150 கிராம் துவரம்பருப்பு. இதில் மட்டும் 80 கிராமுக்கு மேல் மாவுச்சத்து; ஆளுக்கு 20. குழம்புக் கணக்கில் பெரிய ஓட்டை இதுதான்.

பருப்பைக் குக்கரில் மஞ்சள்தூளோடு தனியாக வேகவிடுங்கள். வாணலியில் 150 கிராம் சின்ன வெங்காயம், இரண்டு தக்காளி, முருங்கைக்காயோ கத்தரிக்காயோ வெண்டைக்காயோ 250 கிராம். எலுமிச்சை அளவு புளியைக் கரைத்து ஊற்றி, ஒன்றரை மேசைக்கரண்டி சாம்பார்த் தூள் போட்டு, பச்சை வாசனை போகும் வரை பத்து நிமிடம் கொதிக்கட்டும். இப்போது வாணலியில் சுமார் 800 மில்லி இருக்கும். இங்கேதான் பிரிக்க வேண்டும்: காயோடு சேர்த்து 250 மில்லி, சின்ன வாணலிக்கு.

அப்படியே தாளித்துப் பரிமாறினால் வாயில் வைக்க முடியாது. புளிப்பும் காரமும் தலைக்கு ஏறும். காரணம் எளிது. பெரிய வாணலியில் போட்ட புளியும் தூளும், அதில் பின்னால் சேரப்போகும் 450 மில்லி வெந்த பருப்பையும் கணக்கில் வைத்துப் போட்டவை. பிரித்த பங்குக்கு அந்தப் பருப்பு கிடைக்கவில்லை. அதனால் 250 மில்லிக்கு 140 மில்லி தண்ணீரோ இரண்டாம் தேங்காய்ப்பாலோ சேர்த்தால்தான் பழைய சமநிலை வரும். தண்ணீர் சேர்த்தால் நீர்த்துப்போகுமே என்றால், 20 கிராம் துருவிய தேங்காயும் 10 கிராம் வறுத்த நிலக்கடலையும் நைசாக அரைத்து விட்டு இரண்டு கொதி விடுங்கள். பருப்பில்லாத குறை தெரியாது. பருப்பு வாசனை வேண்டும் என்பவர்கள் வெந்த பருப்பில் ஒரு மேசைக்கரண்டி சேர்த்துக்கொள்ளலாம்.

உப்பில் ஒரு ஒழுங்கு வேண்டும். பிரிக்கும் முன் வாணலியில் உப்பைப் பாதிதான் போட வேண்டும். பிரித்த பிறகு இரண்டிலும் ருசி பார்த்துத் தனித்தனியாகச் சரிசெய்யுங்கள். முழு உப்பையும் முதலிலேயே போட்டுவிட்டால் சின்ன வாணலி கரிக்கும்.

சோறு இல்லாமல் சாப்பிடும்போது எந்தக் குழம்பும் ஒரு படி அதிகமாக உறைக்கும், கரிக்கும். நம் குழம்புகள் சோற்றில் பிசைவதற்காகவே சுருதி ஏற்றப்பட்டவை. பிரித்த பங்கில் உப்பும் காரமும் எப்போதும் கொஞ்சம் தாழ்வாகவே இருக்கட்டும்.

ரசத்தைப் பிரிக்கவே வேண்டாம். பருப்புத் தண்ணீர் அடியில் தங்கும். கலக்காமல் மேல் தெளிவை எடுத்து அவருக்கு ஒரு டம்ளர் ஊற்றிவிடுங்கள். காரக்குழம்பும் வற்றல் குழம்பும் இன்னும் சுலபம். கெட்டியாக்க அரிசிமாவு கரைத்து ஊற்றுவதை மொத்தக் குழம்புக்குமே நிறுத்திவிடலாம். நல்லெண்ணெய் கொஞ்சம் தாராளமாக விட்டு, அடுப்பைத் தணித்து, எண்ணெய் பிரியும் வரை சுண்டவிட்டால் தானே கெட்டிப்படும். வெல்லத்தை மட்டும் அவர் பங்கை எடுத்த பிறகு போடுங்கள். வீட்டில் யாருக்கும் வித்தியாசம் தெரியாது. தெரியாத மாற்றத்தை மொத்தப் பாத்திரத்தில் செய்துவிட வேண்டும், தெரியும் மாற்றத்துக்கு மட்டும் பிரிக்க வேண்டும்.

பொரியலும் கூட்டும்

இந்த முறை சறுக்குவது பெரும்பாலும் காய்கறி அளவில். நால்வருக்குப் பொரியல் என்றால் வழக்கமாக 300 கிராம் காய் நறுக்குவோம். ஆளுக்கு 75 கிராம், தொட்டுக்கொள்ள. சோற்றைக் குறைத்தவருக்கு அது தொட்டுக்கொள்ளும் பண்டமாக இருந்தால் ஆகாது, வயிறு நிரப்புவதே அதுதான். அவருக்கு மட்டும் 250 கிராம் வேண்டும். ஆக, 500 கிராம் நறுக்குங்கள். இதைச் செய்யாத வீட்டில் சாயங்காலம் நாலு மணிக்கு அவர் முறுக்கு டப்பாவைத் திறப்பார். மன உறுதி இல்லை என்று அவரைக் குறை சொல்லிப் பயனில்லை. மதியம் வயிறு நிரம்பவில்லை.

கோஸ், கத்தரிக்காய், புடலை, சுரை, பீர்க்கு, பூசணி, வெண்டை, கீரைகள் எல்லாம் நார்ச்சத்தைக் கழித்தால் 100 கிராமுக்கு 5 கிராமுக்குள்ளேயே வரும். பீன்ஸும் அவரையும் கிட்டத்தட்ட அப்படித்தான். கேரட்டும் பீட்ரூட்டும் 7 கிராம் வாக்கில், அளவாகச் சேர்க்கலாம். உருளைக்கிழங்கு, சேப்பங்கிழங்கு, சேனை, வாழைக்காய், மரவள்ளி ஆகியவை சோற்றின் பக்கம். கிழங்கு வறுவல் செய்யும் நாளில் கூடவே ஒரு கீரையோ கோஸோ இருக்கும்படி வாரத்தைத் திட்டமிட்டால் அன்று பிரிக்கும் வேலையே இல்லை. கீரை வாங்கும்போது வெந்தால் சுருங்கிவிடும் என்பதை நினைவில் வையுங்கள். ஆய்ந்த கீரை 200 கிராம் வெந்து ஒரு சின்னக் கிண்ணம்தான் வரும்.

கூட்டுக்குக் காயைத் தனியாகவும் 50 கிராம் பாசிப்பருப்பைத் தனியாகவும் வேகவைத்து, காயில் தேங்காய், சீரகம், மிளகாய் அரைத்த விழுதைக் கலந்து ஒரு கொதி விட்டதும் பிரிக்கவும். பிறகு பெரிய பாத்திரத்தில் பருப்பைச் சேர்க்கவும். அவியலில் பிரிக்க இடமே இல்லை. எல்லாக் காயும் சேர்ந்துதான் வேக வேண்டும். அதற்கு வேறு வழி: முருங்கை, வெள்ளைப்பூசணி, பீன்ஸ், புடலையை விரல் நீளத்துக்கும், வாழைக்காய், சேனையைச் சதுரத் துண்டுகளாகவும் நறுக்குங்கள். பரிமாறும்போது சதுரத்தை ஒதுக்கி எடுத்துவிடலாம்.

காலிஃபிளவர் சோறு: ஏன் கூழாகிறது

சோற்றின் இடத்தில் தட்டில் ஏதோ ஒன்று இருக்க வேண்டும் என்று கண் எதிர்பார்க்கும். அதற்குக் காலிஃபிளவர் சரியான பொருள்தான். ஆனால் பல வீடுகளில் அது ஈரக் கூழாக வந்து, ஒரே நாளில் வெறுத்துப்போகிறது.

இலை, தண்டு நீக்கி 600 கிராம் பூ எடுங்கள். இரண்டு வேளைக்கு வரும். பெரிய பெரிய பூக்களாகப் பிரித்து, மஞ்சள்தூளும் உப்பும் போட்ட வெந்நீரில் ஐந்து நிமிடம் வைத்தால் புழு இருந்தால் வெளியே வந்துவிடும். அதற்குப் பிறகு செய்வதுதான் பெரும்பாலோர் விட்டுவிடுவது: வடித்து, துண்டின் மேல் பரப்பி, அரை மணி நேரமாவது ஈரம் போக உலரவிடுங்கள். உலர்ந்த பிறகே துருவ வேண்டும். துருவியில் பெரிய கண் பக்கம். மிக்ஸி என்றால் ஜாரில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போடாமல், விட்டுவிட்டு இரண்டு மூன்று சுற்று. ஜாரை நிரப்பினால் மேலே கட்டியாகவே நிற்கும், அடியில் மாவாகிவிடும்.

அகலமான இரும்பு வாணலி, ஒரு மேசைக்கரண்டி எண்ணெய், பெரிய தீ. 300 கிராமுக்கு மேல் ஒரே தடவையில் போட வேண்டாம். மூடி போடக் கூடாது, தண்ணீர் தெளிக்கக் கூடாது. ஐந்து நிமிடம் கிளறினால் பச்சை வாசனை போய், பல்லில் லேசாகக் கடிபடும் பதம் வரும். அப்போது உப்புப் போட்டு இறக்கிவிடுங்கள். உப்பை முதலில் போட்டால் அது நீரை இழுத்து வெளியே விடும். வறுபட வேண்டியது அந்த நீரிலேயே வெந்து குழையும். காலிஃபிளவரில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் தண்ணீர்தான், அதனால் நாம் போராடுவதெல்லாம் ஈரத்தோடுதான்.

வெந்த பிறகும் ஒரு வேறுபாடு உண்டு. சோறு குழம்பை உறிஞ்சும், காலிஃபிளவர் உறிஞ்சாது. தண்ணியான குழம்பை ஊற்றினால் தட்டில் குளம் கட்டி நிற்கும். கெட்டியான குழம்பை, வழக்கத்தில் பாதி அளவு விடுங்கள். கலந்த சாத வகைகளுக்கு இது இன்னும் நன்றாக ஒத்துவருகிறது. எலுமிச்சைத் தாளிப்பு, தக்காளித் தொக்கு, புளிக்காய்ச்சல் எதுவானாலும் மொத்தமாகச் செய்து, முக்கால் பங்கைச் சோற்றிலும் கால் பங்கைக் காலிஃபிளவரிலும் கிளறிவிடலாம். வெண்பொங்கல் நாளில் 200 கிராம் துருவலோடு குழைய வெந்த பாசிப்பருப்பு இரண்டு மேசைக்கரண்டி, மிளகு, சீரகம், இஞ்சி, கறிவேப்பிலை, நெய்த் தாளிப்பு. இங்கே மட்டும் மூடி போட்டுக் குழையவிடலாம்; பொங்கலுக்குக் குழைவுதான் பதம்.

காலிஃபிளவர் விலை ஏறும் மாதங்களில் முட்டைகோஸைப் பொடிப்பொடியாக அரிந்து இதே முறையில் வதக்கலாம். கோஸ் வாடை பிடிக்காதவர்களுக்கு இஞ்சித் துருவல் உதவும்.

சாப்பாடு மோரில் முடியாவிட்டால் திருப்தி வராத வீடுகளுக்கு: வெள்ளரிக்காய் 150 கிராம் துருவி, உப்புப் பிசிறிப் பத்து நிமிடம் வைத்து, கையால் இறுக்கிப் பிழிந்து, 100 கிராம் கெட்டித் தயிரில் கலந்து கடுகு, இஞ்சி, பச்சைமிளகாய் தாளிக்கவும். பிழியாமல் கலந்தால் ஐந்து நிமிடத்தில் தண்ணீராகிவிடும். வதக்கிய காலிஃபிளவரைத் தயிரில் போடுவதென்றால் முழுக்க ஆறிய பிறகே போட வேண்டும்.

காலைப் பலகாரம், இட்லிச் சட்டியிலேயே

இட்லி ஊற்றும் நாளில் அடித்தட்டைக் குறைமாவுக்காரருக்கு ஒதுக்குங்கள். மூன்று முட்டை, பொடியாக நறுக்கிய வெங்காயம், குடைமிளகாய் சேர்த்து 60 கிராம், மிளகுத்தூள், உப்பு. நன்றாக அடித்து, குழிகளில் எண்ணெய் தாராளமாகத் தடவி, முக்கால் குழிக்கு ஊற்றவும். நான்கைந்து குழி வரும். வேகும்போது உப்பி எழும், இறக்கியதும் அமுங்கும். விளிம்பு வரை ஊற்றினால் வழிந்து அடியில் உள்ள தண்ணீரில் விழும். இட்லி வேகும் பத்து நிமிடத்தில் இதுவும் வெந்துவிடும். முட்டைத் தட்டு மேலே இருந்தால் அதிலிருந்து சொட்டும் நீர் இட்லியில் விழுந்து வாடை அடிக்கும், அதனால்தான் அடித்தட்டு.

தோசை நாளில் கல்லின் முறை முக்கியம். வீட்டாருக்குத் தோசை எல்லாம் வார்த்து முடித்த பிறகு கடைசியாக முட்டையை ஊற்றுங்கள். முட்டை வார்த்த கல்லில் அடுத்த தோசை ஒட்டும், வாடையும் வரும். தோசைக்கான சூடு முட்டைக்கு அதிகம். தீயைத் தணித்து, எண்ணெய் விட்டு, ஒரு நிமிடம் கழித்து ஊற்றினால் கருகாமல் வரும்.

முட்டை சாப்பிடாதவர்களுக்கு அரிசி சேர்க்காத பச்சைப்பயறு தோசை. 100 கிராம் பயறு ஆறு மணி நேரம் ஊறவைத்து, இஞ்சி, பச்சைமிளகாய், சீரகத்தோடு அரைத்து, புளிக்கவிடாமல் வார்த்தால் ஐந்து மெல்லிய தோசை. ஒன்றில் சுமார் 10 கிராம் மாவுச்சத்து. இரண்டு தோசையும் 50 கிராம் பன்னீரும் காலைக் கணக்குக்குச் சரி.

தேங்காய்ச் சட்னியில் இரண்டு மேசைக்கரண்டி பொட்டுக்கடலை போடுகிறோம். 20 கிராமில் 11 கிராம் மாவுச்சத்து. அதற்குப் பதில் 15 கிராம் வறுத்த நிலக்கடலை போட்டால் ஒன்றிரண்டு கிராமில் முடியும், சட்னி நீர் பிரியாமலும் இருக்கும். இதுவும் மொத்தமாக மாற்றக்கூடியதுதான்.

குருமாவும் பிரியாணியும்

சப்பாத்தி, குருமா செய்யும் இரவில் உருளைக்கிழங்கையும் பட்டாணியையும் குக்கரின் மேல் அடுக்கில் தனி டப்பாவில் வேகவைத்துவிடுங்கள். வாணலியில் வெங்காயம், தக்காளி, பீன்ஸ், காலிஃபிளவர், அரைத்த தேங்காய், சோம்பு, ஐந்தாறு முந்திரி. பொட்டுக்கடலை வேண்டாம். ஒரு கிண்ணம் எடுத்து, அதில் 100 கிராம் பன்னீரோ இரண்டு வேகவைத்த முட்டையோ போட்டால் அது அவர் சாப்பாடு. மீதியில் கிழங்கும் பட்டாணியும்.

ஞாயிற்றுக்கிழமை பிரியாணியில் கவனம் தண்ணீர்க் கணக்கில் வேண்டும். ஒரு கிலோ கோழிக்கு 750 கிராம் சீரகச் சம்பா என்று வைத்துக்கொண்டால், மசாலாவில் கோழி முக்கால் பதம் வெந்ததும் 250 முதல் 300 கிராம் துண்டுகளையும் ஒரு கரண்டி மசாலாவையும் எடுத்துவிடுங்கள். அரிசிக்கு ஊற்றும் தண்ணீரை அளக்கும்போது, வாணலியில் மீதி இருக்கும் மசாலாவின் ஈரத்தை மட்டும் கழிக்க வேண்டும். வழக்கமாக எவ்வளவு கழிப்பீர்களோ அதையே கழித்தால், எடுத்த கரண்டி மசாலாவின் ஈரம் குறைந்து அரிசி நறுக்கரிசியாக நின்றுவிடும். எடுத்த மசாலா 100 மில்லி என்றால் 100 மில்லி வெந்நீர் கூடுதலாக.

பிரியாணி வாசனை இருப்பது மசாலா மேலே மிதக்கும் எண்ணெயில். அதில் ஒரு மேசைக்கரண்டி எடுத்துச் சின்ன வாணலியில் சூடாக்கி, கோழியை முழுப் பதம் வேகவைத்துச் சுண்டவிட்டு, முன்னமே வறுத்து வைத்த காலிஃபிளவர், புதினா, மல்லித்தழை போட்டுப் பெரிய தீயில் இரண்டு நிமிடம் பிரட்டினால் போதும். இதைத் தம் போடக் கூடாது, நீராவியில் குழைந்துவிடும்.

மீன் குழம்பும் ஆட்டுக்கறிக் குழம்பும் அப்படியே சாப்பிடக்கூடியவை. மீன் வறுவலில் மசாலா ஒட்டுவதற்குப் போடும் அரிசிமாவை விட்டுவிட்டு, மிளகாய்த்தூள், மஞ்சள், உப்பு, எலுமிச்சைச்சாறு தடவி அரை மணி நேரம் ஃபிரிட்ஜில் மூடாமல் வைத்தால் மேல்பரப்பு உலர்ந்து மசாலா கல்லில் உதிராது.

முதல் இரண்டு வாரத்தில் வரும் தொல்லைகள்

தலைவலி, சோர்வு, எழுந்தால் கிறுகிறுப்பு. மாவுச்சத்து குறைந்தால் இன்சுலின் குறையும். இன்சுலின் குறைந்தால் சிறுநீரகம் உப்பையும் நீரையும் அதிகமாக வெளியேற்றும். தெளிந்த ரசம், உப்புப் போட்ட மோர், கோழிச் சாறு, இவற்றில் ஏதாவது தினம் இரண்டு டம்ளர். இரத்த அழுத்தத்துக்கு மாத்திரை எடுப்பவர்களும் இதய நோயாளிகளும் உப்பைத் தாமாகக் கூட்ட வேண்டாம். அவர்களுக்கு மாத்திரையின் அளவையே மருத்துவர் குறைக்க நேரலாம்.

மலச்சிக்கல் வந்தால் காய்கறி அளவு 250 கிராமுக்கு ஏறவில்லை என்றுதான் பெரும்பாலும் அர்த்தம். தண்ணீரும் கூட வேண்டும். இரவில் ஒரு தேக்கரண்டி இசப்கோலைப் பெரிய டம்ளர் தண்ணீரில் கலந்து உடனே குடிக்கலாம்.

இரண்டு மணி நேரத்தில் பசி எடுத்தால் புரதத்தைப் பாருங்கள். வேளைக்கு 20 கிராமாவது வேண்டும். மூன்று முட்டையில் 18, வெந்த கோழி 100 கிராமில் 27-க்கு மேல், மீன் 100 கிராமில் 20, பன்னீர் 100 கிராமில் 18, காய்ந்த மீல்மேக்கர் 30 கிராமில் 15. சைவர்கள் பருப்பை அடியோடு விட்டால் புரதத்துக்குத் திண்டாட வேண்டிவரும். நாளொன்றுக்கு 100 கிராம் மாவுச்சத்து என்ற கணக்கில் அவர்களுக்குச் சின்னக் கிண்ணம் சுண்டலுக்கு இடம் இருக்கிறது. சோறு போன இடத்தில் நெய்யையும் தேங்காயெண்ணெயையும் கொட்டி நிரப்புவது தேவையற்றது. மூன்று மாதம் கழித்துக் கொலஸ்ட்ரால் பரிசோதனை செய்து, எல்.டி.எல். எனும் கெட்ட கொலஸ்ட்ரால் ஏறியிருந்தால் நெய்யைக் குறைத்துக் கடலை எண்ணெய், மீன், கடலை பக்கம் திரும்ப வேண்டும்.

குளுக்கோமீட்டர் இருப்பவர்கள் சாப்பிடும் முன் ஒரு தடவை, முதல் வாய் வைத்ததிலிருந்து இரண்டு மணி நேரம் கழித்து ஒரு தடவை பாருங்கள். ஒரு நாளைக்கு ஒரு பண்டம் என்று சோதித்துச் சமையலறை நாட்காட்டியில் குறித்து வைத்தால், உங்கள் வீட்டுச் சாம்பார் எவ்வளவு ஏற்றுகிறது, அரைக் கிண்ணம் சோறு தாங்குமா என்பது பொதுக்கணக்கைவிடத் துல்லியமாகத் தெரிந்துவிடும்.

முன்தயாரிப்பு

பிரித்த குழம்புப் பங்கை ஒரு வேளைக்கு மட்டும் எடுப்பதைவிட, வாரம் இரண்டு முறை இரட்டைப் பங்காக எடுத்து, ஒன்றை 250 மில்லி டப்பாவில் ஃபிரீசரில் போடுவது நல்லது. பிரித்த உடனே, தேங்காய் அரைத்து விடும் முன்பே எடுத்து வையுங்கள். தேங்காய் சேர்ந்தது உருகும்போது நீர் பிரிந்து திரிதிரியாக நிற்கும். டப்பாவில் சாம்பாரா குருமாவா என்றும் தேதியும் எழுதி ஒட்டிவிடுங்கள். உறைந்த பிறகு பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோல இருக்கும். துருவிய பச்சைக் காலிஃபிளவர் உலர்ந்த துணி விரித்த டப்பாவில், ஃபிரிட்ஜில் இரண்டு நாள் தாங்கும். மூன்றாம் நாள் மூடியைத் திறக்கும்போதே வாடை வரும், அதற்குள் வறுத்து முடித்துவிட வேண்டும். வறுத்ததை ஆறவைத்துத் தட்டையாகப் பரப்பி உறையவைத்தால் வாணலியில் நேரடியாகக் கொட்டிச் சூடாக்கலாம். உருண்டையாக உறைந்தால் வெளிப்பக்கம் கருகும்போதும் நடுவில் ஐஸ் இருக்கும்.